மூணு சுழி ‘ண’ அறுபது மீட்டர் தள்ளி நின்னா என்னாகும்?

மதுரைல ஒரு நவீன கலை மியூசியம் வருது, அதுக்கு லோகோ பண்ணணும்னு வச்சுக்குங்க. பாதிப் பேர் எடுத்தவுடனே கோபுரம்தான் வரைவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல, ஏன்னா இந்த ஊர்ல எண்ணெய்க் கடை, டிராவல்ஸ், லாட்ஜ் எல்லாத்துலயும் கோபுரம் இருக்கு, நூத்தோட நூத்தியொண்ணா இன்னொண்ணு நின்னா கண்ணு எதைன்னு ஞாபகம் வச்சுக்கும்? எழுத்தையே அடையாளமாக்கணும்ங்கறது என் கட்சி.

ஆனா அங்கதான் சிக்கல். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்க சந்து, நம்ம கண்ணுல உண்டாக்கற கோணம் ஒரு டிகிரியில 60-ல ஒரு பங்காவது இருந்தாத்தான் நல்ல பார்வை உள்ளவங்களுக்கே அது ரெண்டா தெரியும். 6 மீட்டர் தூரத்துல அது 1.75 மில்லிமீட்டர், 60 மீட்டர்ல 1.75 சென்டிமீட்டர். அதுக்கும் கம்மின்னா ரெண்டும் ஒட்டிக்கும். லண்டன் டேட் மியூசியத்துக்கு 2000-ல உல்ஃப் ஓலின்ஸ் கம்பெனி பண்ண லோகோ வேணும்னே மங்கலா இருந்துச்சு, ஒண்ணுல கொஞ்சம், இன்னொண்ணுல ஜாஸ்தின்னு பல வடிவம். அது இங்கிலீஷ்ல TATE-ன்னு நாலே எழுத்து, எல்லாம் நேர்க்கோடா இருக்கறதால மங்கினாலும் படிச்சிரலாம். நம்ம ரெண்டு சுழி ‘ன’, மூணு சுழி ‘ண’ அப்படித் தாங்காது, மங்கினா எது எதுன்னே தெரியாது.

‘நவீன கலை’ன்னு தடிமனான ஃபான்ட்ல பிரின்ட் எடுத்து வீட்டு செவுத்துல ஒட்டி பின்னாடியே நடந்து பார்த்தேன், முதல்ல ‘லை’யோட சங்கிலிக்கொம்பு அடைஞ்சு கரும்புள்ளியாச்சு, அப்புறம் ‘ன’வோட சுழி. கோரிப்பாளையத்துல சுவர் எழுதுற அண்ணன் ஒருத்தர்ட்ட காட்டுனேன். “சுழிக்குள்ள காத்து போகணும் தம்பி”ன்னு சொல்லிட்டு பென்சிலால சுழியோட வயித்தப் பெருசாக்கி, கோட்டை ஒல்லியாக்கிக் குடுத்தார். அவர் கைக்குத் தெரிஞ்சதுதான் அந்த 1.75 கணக்கு!

நியூயார்க் விட்னி மியூசியத்துக்கு 2013-ல எக்ஸ்பெரிமென்டல் ஜெட்செட் டிசைனர்கள் ஒரு ஒல்லியான, நேர்க்கோடா மடங்கி மடங்கிப் போற ‘டபிள்யூ’ போட்டாங்க, போஸ்டர்ல மிச்சமிருக்க இடத்துக்கு ஏத்தாப்ல அது நீளும், ஒடுங்கும், ஆனா அதே கோடுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிரும். அதே மாதிரி நம்ம ‘ன’வோட கடைசிக் கோட்டை நீட்டலாம், வளைக்கலாம், சுழிய மட்டும் தொடக்கூடாது. அதுக்குள்ள படம் வைக்கறது, கலர் ரொப்பறது எதுவுமே வேண்டாம்.

அண்ணன் திருத்துனத அதே சைஸ்ல எடுத்து மறுபடி ஒட்டுனேன். முன்னாடி மங்குன இடத்தத் தாண்டி தெரு முக்கு வரைக்கும் போனேன், அங்கயும் ‘ன’ ‘ன’வாவே தெரிஞ்சுச்சு.