பெயர்ப்பலகைக் கடை அக்ரிலிக்கை வண்டியில் பூட்டாதீர்கள்

மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. தக்கலைப் பக்கத்துப் பழைய பிரீமியர் பத்மினி கார். தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் தூசு தட்டி எடுத்து, அந்தக் கால ரேலி வண்டிபோலச் சிங்காரித்திருக்கிறார். வண்ணப் பட்டை, கதவில் எண், முன்னால் கூடுதல் விளக்குகள் எல்லாம் பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் சுற்றிலும் ஒரு கண்ணாடிகூட இல்லை. முன்பக்கம் உட்பட எல்லாமே பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் பிளாஸ்டிக். வைப்பர் ஓடிய இடம் அரைவட்டமாக வெளுத்துப்போயிருந்தது. கதவில் திருகாணி முடுக்கிய ஒவ்வொரு துளையிலிருந்தும் மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தது. தம்பி வந்த காரணம் அதுகூட அல்ல. “இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியவில்லை அண்ணே, பாலிஷ் போட்டுத் தர முடியுமா?”

பாலிஷ் போட முடியாது. கழற்றத்தான் முடியும்.

நாகர்கோவிலில் வண்டிக் கண்ணாடி மாற்றுவது என் தொழில். பழைய ஜிப்ஸி, பத்மினி, காண்டெஸா, மாருதி 800 என்று தேடி வாங்கிச் சரிசெய்யும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். துருவோடும் டிங்கரிங் செலவோடும் மல்லுக்கட்டி ஒரு வண்டியை உயிர்ப்பிப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் கோபம் வண்டிமேல் இல்லை. “பிளாஸ்டிக்தானே, உடையாது” என்ற அந்த ஒற்றை வாக்கியத்தின்மேல்தான்.

எந்தப் பிளாஸ்டிக்? இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் தகடுகளில் நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று அக்ரிலிக். 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் எல்லாம் அதன் வணிகப் பெயர்கள். மற்றொன்று பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனமும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. மேக்ரோலான், லெக்ஸான் என்று விற்றன. இரண்டும் கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. இரண்டையும் வாளால் அறுக்கலாம், துளையிடலாம். ஒற்றுமை அவ்வளவுதான். சம்மட்டியால் அடித்தால் பாலிகார்பனேட் வளைந்து, அடித்த கையையே திருப்பி அனுப்பும். அக்ரிலிக் கத்திமுனைச் சில்லுகளாகப் பிளக்கும். கதவில் இருக்கும் சாதாரண டஃபன்டு கண்ணாடி (சூடாக்கிக் குளிர்வித்து வலுவேற்றியது) பொடிப்பொடியாக, மழுங்கிய துண்டுகளாக உதிரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்: அக்ரிலிக் போட்டவர் பாதுகாப்பைக் கூட்டினாரா, குறைத்தாரா?

அந்தச் சில்லு என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் விமானி இருக்கைக்கு மேல் அக்ரிலிக் கூடு இருந்தது. குண்டு பட்டு அது சிதறியபோது சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள்ளேயே போய்த் தங்கின. கண் அந்தச் சில்லுகளைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், 1949இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். உங்கள் பாட்டிக்குப் புரை அறுவைச் சிகிச்சையில் வைத்த லென்ஸ் அந்த வழியில் வந்ததுதான். நல்ல விஷயம். ஆனால் அதை மருத்துவர் வைக்கட்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் உங்கள் வண்டி அதை உங்கள் கண்ணில் வைக்க வேண்டாம்.

கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். “இரண்டும் ஒன்றுதான்” என்பார், அல்லது இருப்பதை எடுத்துக் கொடுப்பார். வாங்குமுன் ஒரு வெட்டுத் துண்டு கேளுங்கள். இரண்டு கையாலும் மடித்துப் பாருங்கள்: வளைந்து கொடுத்தால் பாலிகார்பனேட், படக்கென்று ஒடிந்தால் அக்ரிலிக். கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள், கண்ணுக்குக் காப்பு அணிந்துகொண்டு செய்யுங்கள். துளையிட்டால் பாலிகார்பனேட் சுருள் சுருளாக வரும். அக்ரிலிக் பொரிந்து உதிரும். வெளியிடத்தில் இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினால் அக்ரிலிக் சிடுசிடுத்து நின்று எரியும், ஒருவகை இனிப்பு வாசம் வரும். பாலிகார்பனேட் கரும்புகை கக்கும், தீயை எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். பெட்ரோல் தொட்டி உள்ள வண்டியில் எது இருக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வீட்டுக் கார் நிறுத்தத்துக்குக் கூரை போட்டதில் மிஞ்சிய பாலிகார்பனேட் தகட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் அதன்மேல் கடினப் பூச்சு இல்லை. பூச்சு இல்லாத பாலிகார்பனேட் நகம் பட்டாலே கீறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் காற்றாலையை மட்டுமா சுற்றுகிறது? மண்ணையும் அள்ளிக்கொண்டுதான் வருகிறது. குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நிறுத்தினால் காலையில் கண்ணாடிமேல் உப்புப் படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், முடிந்தது. வெயிலுக்கு மஞ்சளடிப்பதைத் தடுக்கும் காப்பும் பல தகடுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். எது வெளிப்பக்கம் என்று மேலே ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். வந்ததும் வராததுமாக அந்தத் தாளை உரித்துப் போட்டுவிட்டு, “எந்தப் பக்கம் அண்ணே?” என்று என்னைக் கேட்பார்கள்.

சரி, எதற்காக இவ்வளவும்? எடை. கணக்குப் போடுவோம். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, 2.5 கிலோ. பாலிகார்பனேட் 1.2 கிலோ. நான்கு மில்லிமீட்டரில் இரண்டு சதுர மீட்டர் மாற்றினால் 20 கிலோ 9.6 ஆகும். மிச்சம் ஏறத்தாழ 10 கிலோ. நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் ரேலியில், அதுவும் வண்டியின் மேல்பகுதியில், 10 கிலோ பெரிய விஷயம். குலசேகரம் ரப்பர் தோட்டத்துப் பாதையில் நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைக்குப் போகிறவருக்கு? நண்பர்களில் ஒருவரை இறக்கிவிட்டால் இதைப்போல ஆறு மடங்கு குறையும்.

“வெளிநாட்டு ரேலி வண்டிகளில் போட்டார்களே” என்பது அடுத்த வாதம். போட்டார்கள். 1960களின் லான்சியா ஃபுல்வியா எச்.எஃப், 1967இன் போர்ஷே 911 ஆர் ஆகியவற்றில் பக்கவாட்டிலும் பின்னாலும் அக்ரிலிக்தான். அவை எடை குறைப்பதற்கென்றே பிறந்த போட்டி வண்டிகள், அன்றைக்குக் கையில் இருந்த பொருள் அது. அதே போர்ஷே 1973 கரேரா ஆர்.எஸ். வண்டியைச் சாலைக்கு விற்றபோது பிளாஸ்டிக் போடவில்லை. மெல்லிய கண்ணாடி போட்டது. படத்தைப் பார்த்துப் பின்பற்றுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டாமா? ரேலி வண்டியில் ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு, ஐந்தாறு முனை இருக்கைப் பட்டை, தலைக்கவசம், தீயணைப்பான் எல்லாம் இருக்கும். மீட்புக் குழு காத்திருக்கும். உங்கள் வண்டியில் லேப் பெல்ட்டாவது இருக்கிறதா?

நல்ல பாலிகார்பனேட்டாகவே இருந்தாலும் சாலை வண்டிக்கு நான் பூட்டித் தர மறுப்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. அது உடையாது என்பதுதான் அந்தக் காரணம். நம் மாவட்டத்தில் பாதிச் சாலைகளுக்குக் குளமும் கால்வாயும்தான் ஓரம். வண்டி தண்ணீருக்குள் போனால் கதவு திறக்காது. டஃபன்டு கண்ணாடியைக் கூர்முனைச் சுத்தியால் மூலையில் ஒரு தட்டுத் தட்டினால் வழி கிடைக்கும். சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கிய பாலிகார்பனேட்டை உள்ளேயிருந்தும் உடைக்க முடியாது, ஓடி வரும் ஊர்க்காரர் கல்லெடுத்து வெளியிலிருந்து அடித்தாலும் உடையாது. இறக்கி ஏற்றும் கைப்பிடியையும் எடை குறைக்கக் கழற்றியிருப்பீர்கள்.

முன்கண்ணாடியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அங்கே லேமினேட்டட் கண்ணாடி, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அது மட்டும்தான். பேச்சை இதோடு நிறுத்துகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 100, முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்கிறது, பொருள் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். உங்கள் அசல் கண்ணாடியின் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை பொறித்திருக்கும். பெயர்ப்பலகைக் கடை அக்ரிலிக்கில் அதைக் காட்டுங்கள், பார்க்கலாம். வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. தகுதிச் சான்றுக்கு நிற்கும்போது ஆய்வாளரிடம் கெஞ்சுவதும், விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரரிடம் கெஞ்சுவதும் உங்கள் பாடு.

உண்மையாகவே போட்டிக்குப் போகிற சிலர் இங்கேயும் இருக்கிறார்கள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், ஓட்டி, டிரெய்லரிலேயே திரும்புகிறவர்கள். அவர்கள் முதலில் அந்தப் போட்டியின் விதிநூலைப் படியுங்கள். சில பிரிவுகளில் அசல் கண்ணாடியை மாற்றவே கூடாது, நிறமற்ற ஒட்டுப்படலம் மட்டும் ஒட்ட வேண்டியிருக்கும். அனுமதி இருந்தால், இரு பக்கமும் கடினப் பூச்சுள்ள பாலிகார்பனேட்டை வாங்குங்கள். விலை கூடத்தான்.

பூட்டுகிற டிங்கருக்கு ஒரு வார்த்தை. வெயிலில் பாலிகார்பனேட் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத் தகடு, வெப்பம் 40 டிகிரி ஏறினால், இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். போல்ட்டுக்கு ஏற்ற அளவில் துளை போட்டால் அது எங்கே போகும்? துளையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள், ஓரத்தை ஒட்டிப் போடாதீர்கள். அகலமான வாஷர், அதன்கீழ் ரப்பர். தலை பதியும் திருகாணி வேண்டாம். அது ஆப்பு அடித்ததுபோல் துளையைப் பிளக்கும். கைக்கு இறுகியதும் நிறுத்துங்கள். நட்டு கழலாமலிருக்க ஊற்றும் பசையை இதில் ஊற்றவே கூடாது, பாலிகார்பனேட்டை விரிசல் விட வைக்கும். புளித்த காடி நாற்றம் வரும் சிலிக்கானும் கூடாது, நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். அறுத்த விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பின்கண்ணாடி அகலமானது, வேகத்தில் காற்று வெளியே இழுக்கும். குறுக்கே பட்டை கொடுங்கள்.

அப்புறம், தின்னர். பெயின்ட் துளி பட்டுவிட்டது என்று தின்னர் துணியால் துடைத்த தகடுகளை நான் பார்த்தவரை ஒன்றும் பிழைத்ததில்லை. உள்ளுக்குள் சிலந்தி வலைபோல வெடித்துவிடும். பெட்ரோலும் அப்படியே. கடையில் விற்கும் கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருந்தால் அதுவும் கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணையும் உப்பையும் கழுவிவிட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் பருத்தித் துணி போட்டுத் துடைத்தால் போதும்.

தக்கலைத் தம்பியிடம் அசல் கண்ணாடி எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக் கடைக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டாராம். பத்மினிக்கு வளைந்த பின்கண்ணாடி இன்றைக்கு எளிதில் கிடைக்கிற பொருளா? தயவுசெய்து, என்ன மாற்றினாலும் கழற்றிய கண்ணாடியைக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்திருந்தால் நெம்பாதீர்கள். பீடிங்கை அறுத்து எடுங்கள், அதற்குப் புதிது கிடைக்கும். கண்ணாடியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, மரக்கட்டை மேல் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். படுக்கப் போடாதீர்கள், மேலே யாராவது தேங்காய் மூட்டையை வைத்துவிடுவார்கள்.