பன்னிரண்டு வோல்ட்டும் சுடும்: திறந்து கிடக்கும் கேபிள் முனைகள் பற்றி

ட்ரோன், ஆர்சி விமானம், ரோபோ என்று பேட்டரியில் ஓடும் எதையாவது சொந்தமாகக் கட்டுபவர்களிடம் கேபிள் முனைகளை மூடி வைக்கச் சொன்னால், "பன்னிரண்டு வோல்ட்தானே சார், ஷாக் அடிக்காதே" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. கோவையில் ட்ரோன்களையும் சார்ஜர்களையும் பழுதுபார்க்கும் என் மேசைக்கு வரும் கல்லூரி மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உலர்ந்த தோலின் வழியாக 12 வோல்ட் மின்னழுத்தம் நாம் உணரும் அளவுக்கு மின்னோட்டத்தைச் செலுத்தாது. ஆனால் அந்த இரு முனைகளுக்கும் நடுவே விரலுக்குப் பதிலாக ஒரு மோதிரமோ வளையலோ ஸ்க்ரூடிரைவரோ வந்து விழுந்தால் கதையே வேறு. சாதாரணமாகப் பயன்படும் 3எஸ் (தொடராக மூன்று செல்), 2200 எம்ஏஎச் (அதாவது 2.2 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 25சி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, முழுதாக ஏறியிருக்கையில் 12.6 வோல்ட் காட்டும். முறையான பயன்பாட்டிலேயே கொள்ளளவின் 25 மடங்கு, அதாவது 55 ஆம்பியர் தரக்கூடியது என்பதுதான் அதன் மேல் எழுதியிருக்கும் 25சி என்பதற்குப் பொருள். முனைகள் நேராக ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் நூறு ஆம்பியரை எளிதில் தாண்டும். அப்போது மோதிரம் நொடியில் பழுத்துவிடும், விரலில் இருந்து உடனே கழற்றவும் முடியாது.

நான் பார்க்கும் கருகிய கேபிள்களில் பல, பறக்கும்போதோ ஓடும்போதோ கெட்டவை அல்ல. சார்ஜ் செய்யும்போது கெட்டவை. சார்ஜருடன் பல தலைகள் கொண்ட ஒரு கேபிள் வரும். ஒரு முனையில் இரண்டு பனானா பிளக், மறுமுனையில் எக்ஸ்டி60, டீ பிளக், ஜேஎஸ்டி, முதலைக் கிளிப் என்று பல வகைக் கனெக்டர்கள் கொத்தாகத் தொங்கும். எல்லாத் தலைகளும் உள்ளே ஒரே இரண்டு ஒயர்களில் இணைந்தவை என்பதால், ஒரு தலையில் பேட்டரியைச் செருகியவுடன், சார்ஜர் அணைந்திருந்தாலும், மற்ற எல்லாத் தலைகளிலும் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் நிற்கிறது. அவற்றுள் டீ பிளக்கின் ஆண் பக்கம், அதாவது உள்ளே செருகும் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடிக்காதது. சுற்றிலும் எந்தப் பிளாஸ்டிக் விளிம்பும் இல்லாமல் இரண்டு உலோகத் தகடுகள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் வைத்து ரோபோ கட்டிய மாணவர் ஒருவர் கொண்டுவந்த கேபிள் இப்படிப்பட்டதுதான். எக்ஸ்டி60 தலையில் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தபோது, பயன்படாத டீ பிளக் பட்டறையின் இரும்பு மேசையில் கிடந்திருக்கிறது. லேத்தில் இருந்து தெறித்த ஒரு சுருள் அதன் இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே விழுந்ததாம். தகடுகளின் நுனி உருகித் திரண்டிருந்தது. ஒயரின் சிலிக்கான் உறை அரைச்சாண் நீளத்துக்கு நீறுபூத்து உதிர்ந்தது. பேட்டரி தீப்பிடிக்காமல் போனது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கொத்துக் கேபிளுக்கு நான் சொல்லும் வழி, வேண்டாத தலைகளை வெட்டி எறிந்துவிட்டு, பேட்டரியின் வகைக்கு ஒன்றாகத் தனித்தனிக் கேபிள் செய்துகொள்வதுதான். வெட்ட மனமில்லாதவர்கள் ஒவ்வொரு தலைக்கும் ரப்பர் மூடி மாட்டலாம், ஆனால் மூடிகள் தொலைந்துபோகும் வேகம் எல்லாருக்கும் தெரியும். செருகும் வரிசையும் முக்கியம். பனானா பிளக்குகளை முதலில் சார்ஜரில் செருக வேண்டும், பேட்டரியைக் கடைசியில் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேட்டரியை முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால், மூடாத இரண்டு பனானா பிளக்குகள் மின்சாரத்தோடு காற்றில் ஆடும். இதே காரணத்தால்தான் மின்சாரம் தரும் பக்கத்துக்கு எப்போதும் (உலோகம் உள்ளே மறைந்திருக்கும்) பெண் கனெக்டரையும், வாங்கும் பக்கத்துக்கு ஆண் கனெக்டரையும் போடுகிறோம். பேட்டரியில் ஆண் பின்னைப் பற்றவைத்தவர், பிறகு எவ்வளவு டேப் சுற்றினாலும் அது ஒட்டுவேலைதான்.

இணைப்புகளை மூட, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை மிஞ்சிய பொருள் இந்த வேலைக்கு இல்லை. விலையும் அதிகமில்லை. சூடு காட்டினால் பாதி விட்டமாகச் சுருங்கும் 2:1 வகை போதும். ஈரம் படும் இடங்களுக்கு உள்ளே பசை பூசிய 3:1 வகை நல்லது. 14 கேஜ் சிலிக்கான் ஒயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் என்பதால், 3 மில்லிமீட்டராகச் சுருங்கும் 6 மில்லிமீட்டர் ஸ்லீவ் அதை இறுகப் பிடிக்கும்; 8 மில்லிமீட்டர் போட்டால் என்னதான் சூடாக்கினாலும் தொளதொளவென்று நிற்கும். இணைப்பின் இரு பக்கமும் ஒயரின் உறை மீது குறைந்தது ஆறேழு மில்லிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும், நீளவாக்கிலும் சற்றுச் சுருங்கும் என்பதால் கூடுதலாகவே வெட்டிக்கொள்ள வேண்டும். பற்றவைப்பதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்து, சூடு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைப்பது அவசியம். செம்பின் வழியாக ஓடிவரும் சூட்டிலேயே அது வேண்டாத இடத்தில் சுருங்கிக்கொள்ளும். ஈயம் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்லீவ் சுருங்கும்போது அதில் குத்திக் கிழியும், ஆகவே முதலில் அதை உருக்கிச் சமனாக்கிவிட வேண்டும். இரண்டு ஒயர்களை ஒட்டுப்போடும்போது ஒட்டுகள் அருகருகே வராதபடி ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி வைத்தால், ஸ்லீவ் நழுவினாலும் அவை ஒன்றையொன்று தொடாது. லைட்டரில் சுருக்குவதை நான் விரும்புவதில்லை. ஒரு பக்கம் கரியும், மறுபக்கம் அரைகுறையாக நிற்கும்.

இன்சுலேஷன் டேப்பை எங்கள் ஊர்ப்பக்கம் நம்ப முடியாது. கத்திரி வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ நிறுத்திய காருக்குள் கிடந்த கேபிளை எடுத்துப் பார்த்தால், பசை இளகி டேப் வழுகிப்போயிருக்கும். அந்தப் பசையில் திருப்பூரிலும் சோமனூரிலும் பஞ்சு படிகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று சாரலோடு வரும்போது அந்தப் பஞ்சு ஈரத்தையும் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த பஞ்சுக்கு ஒரு பொறி போதும். ஹாட் குளூ ஒயரை அசையாமல் பிடிக்கும், ஆனால் சூட்டில் இளகும். ஜன்னல் ஓரத்தில் பூசும் சிலிக்கானில் புளிக்காடி வாடை அடித்தால் அதைச் செம்பின் அருகே கொண்டுவரக் கூடாது, அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை வேண்டும். சர்க்யூட் போர்டின் அடிப்புறத்துக்கு, சூட்டைத் தாங்கும் காப்டான் டேப் பொருத்தமானது.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோப்புகளில் மோட்டாரைப் போனிலிருந்து இயக்க ரிலே போர்டு (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச் பொருத்திய போர்டு) மாட்டுபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அந்தச் சிறு போர்டின் மேலே ஸ்க்ரூ டெர்மினல்கள் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அடிப்புறத்தில் அதே மின்சாரம் மொட்டையான ஈயப் புள்ளிகளில் நிற்கிறது. மூன்று பேஸ் ஸ்டார்ட்டர்கள் பலவற்றின் காயில் 415 வோல்ட்டில் இயங்குவது. நீல நிற ரிலேயின் மேல் அச்சிட்டிருப்பதோ 250 வோல்ட். இரும்புப் பெட்டிக்குள் அதை அப்படியே கிடத்தினால், பல்லியும் எறும்பும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்த இணைப்புக்கு ஸ்லீவ் போதாது. மூடிய பிளாஸ்டிக் பெட்டியும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனும் வேண்டும்.

பழைய லிப்போ பேட்டரியின் கனெக்டரை மாற்ற வேண்டியிருந்தால், இரண்டு ஒயர்களையும் ஒரே வெட்டில் வெட்டாதீர்கள்; கட்டிங் பிளேயரின் வாயே அவற்றை ஷார்ட் செய்துவிடும். சிவப்பை வெட்டி, பற்றவைத்து, ஸ்லீவைச் சுருக்கி மூடிய பிறகுதான் கறுப்பைத் தொட வேண்டும். உப்பிய பேட்டரியை மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கும்போதும், முதன்மைக் கனெக்டரையும் செல்களைச் சமமாகச் சார்ஜ் செய்ய உதவும் மெல்லிய பேலன்ஸ் ஒயரின் வெள்ளைக் கனெக்டரையும் டேப்பால் மூடியே கொடுங்கள். அந்தச் சின்னக் கனெக்டரிலும் அதே மின்னழுத்தம்தான் நிற்கிறது.