நெகிழி இழைக் கற்காரை

செங்கோட்டை தாண்டி கேரளத்து ஆரியங்காவு பக்கம் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு ஒரே பொருளுக்கு இரண்டு பேர் பழகிவிடும். இங்கே ஜல்லி, அங்கே மெட்டல். இங்கே தளம் போடுகிறோம், அங்கே ‘வார்க்க’. நாம் தோசைக்கு வைத்திருக்கும் அதே வார்த்தல்தான். கம்பி மட்டும் மலைக்கு இரண்டு பக்கமும் கம்பி.

தண்ணீர் பாட்டிலை மெல்லிய கீற்றாக நறுக்கிக் கான்கிரீட் கலவையில் தூவினால், அதையும் ‘பிளாஸ்டிக் கம்பி’ என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. அந்தக் கலவைக்கு ‘நெகிழி இழைக் கற்காரை’ என்பதே பொருத்தமான பேர். ஏன் என்று சொல் சொல்லாகப் பார்ப்போம்.

முதலில் கான்கிரீட். ‘சேர்ந்து இறுகியது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. தமிழில் கற்காரை: கல்லும் காரையும். காரை புதிதாக ஆக்கிய சொல் அல்ல. பழைய வீட்டில் காரை பெயர்ந்து விழுகிறது என்கிறோமே, அந்தச் சுண்ணாம்புக் காரைதான். பிளாஸ்டிக், ‘வனைய ஏற்றது’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் நெகிழ்வதைப் பிடித்துக்கொண்டு நெகிழி என்றோம்.

சரி, கம்பி என்றால் என்ன குறை? கற்காரை அமுக்கத்தைத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். அந்த இழுவிசையை ஏற்கத்தான் கம்பி கட்டுகிறோம். பாட்டில் நெகிழியின் விறைப்போ எஃகில் நூறில் சில பங்குதான். பாரம் சுமக்கும் வேலைக்கு அது ஆகாது. மண்சுவர்க் குழையலில் மிதித்துச் சேர்க்கும் வைக்கோல் போல, கலவை காயும்போது விழும் மயிரிழை வெடிப்பு பெரிதாகாமல் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் ‘இழை’ என்பதே சரி. ‘நார்’ என்றும் எழுதலாம். ஆனால் அது வாழையையும் தென்னையையும் நினைவூட்டுகிறது என்பதால் எனக்கு இழையே பிடிக்கிறது.

கன அளவில் அரை சதவீதம் சேர்த்தால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7 கிலோ போகும். சபரிமலை சீசனில் இந்தச் சாலையோரம் கிடக்கும் பாட்டில்களைப் பார்த்தால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டினால் கலவை இறுகி, கரண்டிக்கு வளையாது. சிமென்டின் காரம் இந்த நெகிழியை மெல்ல அரிக்கும். 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகியும் போகும். நடைபாதைக்கும் தரைக்கும் சரி, கம்பியை எடுத்துவிட்டு மாடித்தளத்துக்குப் போடுவது வேண்டாம்.

அப்புறம், முழுப் பாட்டிலில் மண்ணை அடைத்துச் சுவரில் அடுக்குகிறார்களே, அது இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே பாட்டில் பார்ப்பது செங்கல் வேலை. ‘பாட்டில் செங்கல்’ என்றே சொல்லிவிடலாம்.