வெளிநாடுகளில் நோய்ப்பரவலைத் தடுக்க அமெரிக்கா தரும் நிதி: யாருக்கு, எதற்கு, எப்படி?

2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். எபோலா. கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் ஊர். ஆனால் போலியோ ஒழிப்புக்காக நைஜீரியா ஏற்கெனவே ஓர் அவசரகால மையத்தை நடத்திவந்தது. நோய் எப்படிப் பரவுகிறது என்று களத்தில் இறங்கித் துப்பறியும் பயிற்சி (கள நோய்ப்பரவலியல்) பெற்றவர்களும் கைவசம் இருந்தார்கள். அவர்கள் நோயாளிகளோடு தொடர்பிலிருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிக் கண்டுபிடித்து, வீடுவீடாகச் சுமார் 18,500 முறை போய்ப் பார்த்தார்கள். நோய் 20 பேரோடு நின்றது. 8 பேர் இறந்தார்கள். அந்தத் தயார்நிலை இல்லாத கினி, லைபீரியா, சியரா லியோனில் இறந்தவர்கள் 11,000-க்கும் மேல்.

இப்படிப்பட்ட தயார்நிலையைப் பிற நாடுகளில் உருவாக்கத்தான் அமெரிக்க அரசு நிதி ஒதுக்குகிறது. அதில் ஒரு பங்கு நோய்க்கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், அதாவது சிடிசி, வழியாகப் போகிறது. 2014 பிப்ரவரியில் தொடங்கிய உலக சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பிறகு இந்த நிதி வேகமெடுத்தது.

இதை எல்லோரும் ‘கிராண்ட்’ என்று சொல்கிறார்கள். சிடிசி வெளிநாட்டு வேலைகளுக்குப் பெரும்பாலும் தருவது ‘கூட்டுறவு ஒப்பந்தம்’. பெயரில்தானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. சாதாரண மானியத்தில் பணம் கொடுத்தவர் ஒதுங்கி நின்று அறிக்கைக்குக் காத்திருப்பார். இதில் சிடிசி அதிகாரியும் வேலையில் ஒரு ஆள். வேலைத் திட்டத்தைச் சேர்ந்து வகுப்பார், ஆய்வக முறைகளில் ஆலோசனை சொல்வார், மாதாமாதம் போனில் கேள்வி கேட்பார். சிடிசியின் பங்கு என்ன, உங்கள் பங்கு என்ன என்று சிடிசி வெளியிடும் நிதி அறிவிப்பிலேயே தனித்தனியாக எழுதியிருக்கும். விண்ணப்பிக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுதான் என்பேன். பலர் நேராக நிதித்தொகைக்குத்தான் தாவுகிறார்கள்.

எதற்குக் கிடைக்கும்? நோய்க் கண்காணிப்பு, ஆய்வக வலையமைப்பு, அவசரகால மையம், நோய்ப்பரவலைத் துப்பறியும் ஆட்களுக்குப் பயிற்சி. இந்தப் பயிற்சித் திட்டம் வட அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் 1980-இல் தாய்லாந்தில் தொடங்கியது. இன்று பல நாடுகள் வைத்திருக்கும் அளவுகோல் 7-1-7: நோய் தலைகாட்டிய 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் தெரிவி, அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி. உங்கள் திட்டம் இந்த மூன்றில் எந்த எண்ணைக் குறைக்கும் என்று காட்ட முடிந்தால் விண்ணப்பத்துக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

எதற்குக் கிடைக்காது என்பதும் முக்கியம். பொதுவாக ஆராய்ச்சிக்கும், நோயாளிகளுக்கான நேரடிச் சிகிச்சைக்கும், அரசை வற்புறுத்தும் பரப்புரைக்கும் இந்தப் பணத்தைச் செலவிட முடியாது. மேசை, நாற்காலி, கருவி வாங்குவதும் சாதாரணமாக அனுமதிக்கப்படுவதில்லை. நிதி உறுதியாகும் முன் செய்த செலவு, எழுத்து மூலம் ஒப்புதல் இல்லாவிட்டால், உங்கள் தலையில்தான். பணத்தை வாங்கி அப்படியே வேறொரு அமைப்புக்குக் கைமாற்றிவிடும் இடைத்தரகராகவும் இருக்க முடியாது. பெறுபவர் வேலையில் கணிசமான பங்கை அவரே செய்ய வேண்டும்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பது ஒவ்வொரு அறிவிப்புக்கும் மாறும். சில, ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகத்துக்கு மட்டும் என்றே வரும். மற்றவற்றில் பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள், அந்தந்த நாட்டு அமைப்புகள் போட்டியிடலாம். தனிநபருக்கு இதில் இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலுள்ள அமைப்பு என்றால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வந்த பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். துணை அமைப்புகளுக்குப் பிரித்துத் தருவதாகத் திட்டம் எழுதினால் இங்கேயே முட்டும்.

சரி, பதிவு. நல்ல திட்டங்கள் அறிவியலில் தோற்பதைவிட இங்கே தோற்பதைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும். சாம் (SAM.gov) என்ற அமெரிக்க அரசுத் தளத்தில் பதிந்து 12 எழுத்தெண்கள் கொண்ட யுஇஐ அடையாளம் பெற வேண்டும். அதற்கு முன் அடையாளமாகக் கேட்கப்பட்ட டன்ஸ் எண் 2022 ஏப்ரல் 4-உடன் போய்விட்டது. அதை வாங்கச் சொல்லும் வழிகாட்டிகளை மூடிவிடுங்கள். அமைப்பின் சட்டப்படியான பெயரும் முகவரியும் சான்றாவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் ஒரு தெரு, வங்கிக் கணக்கில் இன்னொரு தெரு என்றிருந்தால் சரிபார்ப்பு வாரக்கணக்கில் இழுக்கும். ஆவணம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். ‘நிதியுதவிக்கு மட்டும்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கேள்விகள் குறையும். பதிவு இலவசம், பதிந்து தருகிறோம் என்று பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்கள் அரசினுடையவை அல்ல. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறந்துவிடக்கூடாது.

பட்ஜெட் டாலரில் எழுத வேண்டும். நாணய மதிப்பு ஏறி இறங்கி நஷ்டமானால் சிடிசி ஈடுகட்டாது. திட்டம் 5 ஆண்டு என்றாலும் பணம் 12 மாதக் கட்டங்களாகத்தான் வரும். அமெரிக்க நாடாளுமன்றம் நிதி ஒதுக்குவதையும் உங்கள் முன்னேற்றத்தையும் பொறுத்தே அடுத்த ஆண்டு. ஆகவே ஊழியர்களுக்கு 5 ஆண்டு வாக்குறுதி கொடுப்பதில் நிதானம் தேவை.

அப்புறம், 2025-இல் சூழல் நிறைய மாறியது. ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணை வந்தது. ஜூலை 1 முதல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் பணிகள் வெளியுறவுத் துறைக்குப் போயின. செப்டம்பரில் வந்த அமெரிக்காவின் புதிய உலக சுகாதார உத்தி, தொண்டு நிறுவனங்களைவிட அரசுகளோடு நேரடி ஒப்பந்தம் என்கிறது. பழைய அறிவிப்பை மாதிரியாக வைத்து எழுதுபவர்கள் அதன் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் போகும் இடம் கிராண்ட்ஸ் டாட் கவ் (Grants.gov) என்ற அமெரிக்க அரசு இணையதளம். கடைசி நேரம் வழக்கமாக இரவு 11:59, அதுவும் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மின்னஞ்சல் வந்ததும் கணினியை மூடாதீர்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இரண்டாவது மின்னஞ்சல் வர 2 நாள்கூட ஆகலாம், இடையில் பிழை என்று திரும்பி வந்தால் திருத்தி அனுப்பக் கெடு மிச்சமிருக்க வேண்டும்.