சுனாமி வீடு யாருடையது? பட்டாவைப் படித்துப் பாருங்கள்

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று எங்கு போனாலும் இப்போது சுனாமி வீட்டில் பங்குத் தகராறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசுத் திட்டத்தில் வீடு பெற்றவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் "அப்பா வீடு" என்று பங்கு கேட்கிறார்கள். அந்த வீட்டில் அம்மாவுக்கும் அதே உரிமை உண்டு என்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கிறது.

தமிழ்நாடு வருவாய்த் துறை 2005 மார்ச் 30-இல் வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணைதான் இதற்கு அடிப்படை. 300 முதல் 325 சதுர அடி வீடு, செலவு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது ஆணை.

ஆகவே கணவர் இறந்தால் மனைவி அவருடைய வாரிசு மட்டும் இல்லை, ஏற்கெனவே உடைமையாளர். பங்குக்கு வருவது கணவரின் பாகம் மட்டுமே. உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுச் சட்டப்படி அந்தப் பாகத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் உண்டு. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

மீன் விற்கும் அக்கா ஒருவர் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த பட்டாவைக் காட்டினார். அவர் பெயர் அதில் தெளிவாக இருந்தது. வீட்டை விட்டுப் போகச் சொன்ன மகன் அதைப் படித்ததே இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

பழைய மனை வேறு கதை. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் இந்தத் திட்டத்தில் புது வீடு பெற்றால், பழைய இடத்தை அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. போக மறுத்தவர்கள் அங்கேயே இருக்கலாம், ஆனால் உதவி கிடையாது. எனவே புது வீடும் பெற்றுக்கொண்டு பழைய மனையை விற்றால் செல்லாது; வாங்குபவர்தான் ஏமாறுவார்.

கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் எடுத்துப் பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்தார் 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். நாகைக்கு அலைய வேண்டாம். காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் இந்த ஆணை அங்கே பொருந்தாது. விற்பதற்கு முன் பட்டாவில் உள்ள நிபந்தனைகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இப்படிப்பட்ட வீட்டை வாங்க நினைப்பவர்கள் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பத்திரத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.