எரித்ததை மறுசுழற்சி என்று எழுதாதீர்கள்

"சேகரிக்கப்பட்ட பிளாஸ்டிக் கழிவு சிமென்ட் ஆலைக்கு அனுப்பப்பட்டு மறுசுழற்சி செய்யப்படுகிறது." செய்தி, அறிவிப்புப் பலகை, நிறுவனங்களின் தமிழ் அறிக்கை என்று எதை எடுத்தாலும் இந்த மாதிரி ஒரு வாக்கியம் கண்ணில் படுகிறது. சிமென்ட் ஆலையில் அதை எரிக்கிறார்கள் ஐயா! நிலக்கரியில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சூளையில் போடுகிறார்கள். எரிந்துபோனது எப்படிச் சுழன்று வரும்?

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரீசைக்கிள் என்பதில் உள்ள சைக்கிள், வட்டம் அல்லது சக்கரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1920களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இது தொழிற்சொல். ஒரு சுற்றில் முழுதாக மாறாத எண்ணெயை மறுபடி உள்ளே விடுவதுதான் ரீசைக்கிள். குப்பைக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிற்பாடு. தமிழில் சுழல் என்ற வினையிலிருந்து சுழற்சி, முன்னால் மறு. இலங்கையில் மீள்சுழற்சி என்பார்கள். இரண்டும் நல்ல சொற்கள்தான். மறு என்றால் கறை என்றும் பொருள் உண்டு, ஆகவே மீள்தான் தூய்மை என்று வாதாடுபவர்கள் மறுநாளையும் மறுபதிப்பையும் மறுமணத்தையும் என்ன செய்யப் போகிறார்களோ.

என் சண்டை ரிகவரி என்ற சொல்லைப் பற்றியது. கழிவிலிருந்து ஏதாவது ஒரு பயனைத் திரும்ப எடுப்பது எல்லாமே ரிகவரி. அதில் ஒரு வகைதான் ரீசைக்கிளிங். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 கழிவுச் சட்டம் இதை வரையறையிலேயே சொல்லிவிடுகிறது: எரித்து ஆற்றல் எடுப்பதும், எரிபொருளாக மாற்றுவதும் ரீசைக்கிளிங்கில் சேராது. நம் நாட்டிலும் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு 2022இல் வந்த திருத்தம் சிமென்ட் சூளை, கழிவிலிருந்து எண்ணெய், சாலை போடுவது மூன்றையும் மறுசுழற்சியில் சேர்க்காமல், பொருளின் ஆயுள் முடிந்தபின் அகற்றும் வழிகள் என்று தனியாக வைத்திருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் தார்ச் சாலைக்குப் பிளாஸ்டிக்கைக் கலந்து காட்டினார், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வேலைக்கும் பிளாஸ்டிக் சாலை என்ற பெயரே போதும். சட்டம் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் குழைத்துவிட்டால், ஒரு ஊரின் குப்பையில் எவ்வளவு திரும்பப் பொருளானது, எவ்வளவு புகைபோக்கி வழியே போனது என்று தமிழில் கேட்கக்கூட முடியாது.

சரி, ரிகவரிக்கு என்ன சொல்? மீட்பு. இதற்கு ஒருவர் மீட்சி என்று எழுதுகிறார், இன்னொருவர் மீளப்பெறுகை என்கிறார். மீட்சி தானாக மீள்வதற்கு: பொருளாதார மீட்சி, நோயிலிருந்து மீட்சி. பிளாஸ்டிக் தானாக மீளாது, யாராவது மீட்க வேண்டும். அடகு வைத்த நகையை மீட்டேன் என்கிறோம், நகைக்கு மீட்சி கிடைத்தது என்று எவரும் சொல்வதில்லை. மீளப்பெறுகை பிழையில்லை, ஆனால் வாயில் நுழையவே நாளாகும். மீட்பு என்றால் தீயணைப்புப் படை ஞாபகம் வருகிறது என்று சிலர் சிணுங்குகிறார்கள். அடைமொழி எதற்கு இருக்கிறது? பொருளாகவே திரும்பினால் பொருள் மீட்பு, எரித்து வெப்பம் எடுத்தால் ஆற்றல் மீட்பு. குழப்பம் தீர்ந்தது. பழைய டப்பாவைக் கழுவி அதிலேயே பருப்பு போட்டு வைப்பது மறுபயன்பாடு, அதில் இயந்திரத்துக்கு வேலையே இல்லை. ஆனால் கழிவை நொறுக்கும் இயந்திரத்துக்கு மறுபயன்பாட்டு இயந்திரம் என்று பெயர் போட்ட விளம்பரத்தையும் பார்த்துத் தொலைத்தேன்.

மறுசுழற்சி ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பமே வராது. காயலான் கடையிலிருந்து வருவதைத் தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டும் (PET) குழாய் செய்யும் பிவிசியும் மூழ்கும், தலைவலி இங்கேதான்: பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயு விடும், கொஞ்சம் கலந்தாலும் சரக்கு கெடும். அதனால் பெரிய ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியால் வகை பார்த்துப் பிரிக்கிறார்கள் (அதற்கும் கரி சேர்த்த கறுப்பு பிளாஸ்டிக் பிடிபடாது). அப்புறம் எக்ஸ்ட்ரூடர் என்ற திருகு இயந்திரத்தில் உருக்கி, சல்லடை வழியே தள்ளி, இழையாக வருவதை நறுக்கினால் குருணை. இதைத் துகள் என்று எழுதுகிறார்கள். துகள் என்றால் தூசி, பொடி. குருணை மருந்து என்று வயலில் புழங்கும் சொல் கையிலேயே இருக்கிறது.

என் அளவுகோல் இதுதான்: கடைசியில் மறுபடி பொருள் செய்யக் குருணையோ மூலப்பொருளோ கிடைத்தால் மறுசுழற்சி, இல்லையென்றால் வேறு பெயர் தேடு. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி எடுக்கும் எண்ணெயும் அப்படித்தான். அடுப்பில் எரித்தால் ஆற்றல் மீட்பு, பிளாஸ்டிக் ஆலைக்கே திரும்பிப் போனால் மறுசுழற்சி.

இன்னொன்றும் பாக்கி. டப்பாவின் அடியில் அம்பு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்குமே, அதை மறுசுழற்சிக் குறி என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண் எந்த வகைப் பிசின் (ரெசின், அதாவது டப்பா செய்த பிளாஸ்டிக் மூலப்பொருள்) என்று மட்டுமே சொல்கிறது. 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன், இரண்டையும் பல ஊர்களில் யாரும் எடுப்பதில்லை. அம்பு ஆளைக் குழப்புகிறது என்றுதான் 2013இல் அதை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். தமிழில் பிசின் வகை எண் என்று எழுதினால் போதும்.