ரோபோ: சொல்லும் பொருளும்

ரோபோ (பெயர்ச்சொல்): இட்ட கட்டளைப்படி தானே வேலை செய்யும் எந்திரம். அகராதி இத்தோடு நிறுத்திக்கொள்ளும். அன்றாடப் பேச்சுக்கு இது போதும். ஆனால் 2024இல் வெளிவந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் போதாது. வண்டிகளாக உருமாறும் ரோபோக்களின் கதை அது. லாரியாக மாறும் அவர்களின் நல்ல தலைவன் ஆப்டிமஸ் பிரைமின் கட்சியில் சின்ன வயதிலிருந்தே இருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தச் சொல்லின் வேரை இவ்வளவு நெருக்கமாகத் தொட்ட ரோபோ படம் எனக்கு வேறு நினைவில்லை.

வேர் செக் மொழியில் இருக்கிறது. அங்கே 'ரோபோட்டா' என்றால், குடியானவர்கள் நிலப்பிரபுவின் வயலில் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய வேலை. பொஹீமியாவில் அதை வாரத்துக்கு 3 நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1775இல் ஓர் அரசாணை வந்தது. ஒரேயடியாக ஒழிந்தது 1848இல்தான்.

எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில் செயற்கைத் தொழிலாளிகள் வருகிறார்கள். முதலில் லத்தீனை ஒட்டி 'லபோரி' என்று பெயர் வைக்கப் பார்த்திருக்கிறார். ஏட்டுத்தனமாக இருக்கிறதே என்று அண்ணன் யோசெப்பிடம் போய்க் கேட்டார். அண்ணன் ஓவியர். வரைந்துகொண்டிருந்த படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வாயில் தூரிகையைக் கவ்வியபடியே, 'ரோபோட்' என்று வைத்துக்கொள்ளேன் என்பதுபோல முணுமுணுத்தாராம். சொல்லை உருவாக்கியது நானில்லை, அண்ணன்தான் என்று காரலே பின்னாளில் ஒரு நாளிதழில் எழுதித் தெளிவுபடுத்தினார்.

இன்னொன்று: அந்த நாடகத்து ரோபோக்களுக்கு இரும்பு உடம்பு கிடையாது. உயிர்ப்பொருள் போன்ற ஒரு கலவையைத் தொட்டிகளில் பிசைந்து செய்யப்பட்டவர்கள், பார்க்க மனிதர்களைப் போலவே இருப்பார்கள். தகரமும் திருகாணியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆக, பிறக்கும்போது இந்தச் சொல் குறித்தது உடம்பு எதனால் ஆனது என்பதை அல்ல, யாருக்காக உழைக்கிறது என்பதை.

இப்போது படத்துக்கு வருவோம். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம்.) பின்னாளில் ஆப்டிமஸாகும் ஓரியன் பேக்ஸ், அவனுக்கு எதிரி மெகட்ரானாகும் டி-16 இருவரும் சைபர்ட்ரான் கோளின் அடியில், ரோபோக்களுக்கு எரிபொருளான எனர்கானை வெட்டும் சுரங்கத் தொழிலாளிகள். உருமாறுவதற்கு நெஞ்சில் ஒரு பல்சக்கரம் வேண்டும், அது இவர்களுக்கு இல்லை. பிறவியிலேயே இல்லை என்று நம்பிக்கொண்டு மாடாய் உழைக்கிறார்கள். உண்மையில் தலைவன் சென்டினல் பிரைம்தான் அதைப் பிடுங்கி எடுத்திருக்கிறான். வெட்டிய எனர்கானைக் கொண்டுபோய்ப் பகைவர்களுக்குக் கப்பம் கட்டுகிறான். ரோபோட்டா என்ற சொல்லுக்கு இதைவிடக் கச்சிதமான உரை வேண்டுமா?

டி-16 என்பது பெயரே இல்லை, எண். மெகட்ரான் பொம்மை ஜப்பானில் விற்றபோது அதற்குக் கொடுத்திருந்த வரிசை எண் அது. பழைய ரசிகர்களுக்கு அங்கேயே புல்லரித்துவிடும். அந்த எண், தான் வழிபட்ட பழைய வீரன் மெகட்ரோனஸின் பெயரிலிருந்து தனக்கொரு பெயர் எடுத்துக்கொள்கிற இடம்தான் படத்தின் உச்சம். ஏமாற்றப்பட்டது தெரிந்த நொடியிலிருந்து அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்படுகிறது. குரல் கொடுத்த பிரையன் டைரி ஹென்றி அதை அவசரப்படாமல் செய்திருக்கிறார். குறையும் உண்டு. முதல் பாதியில் பி-127 என்ற துணை ரோபோ வாய் ஓயாமல் பேசிச் சிரிக்கவைக்கப் பார்ப்பது எனக்கு அலுத்துவிட்டது. ஆப்டிமஸுக்கு 1984இலிருந்து குரல் கொடுத்த பீட்டர் கல்லன் இதில் இல்லை என்பதும் காதில் உறுத்தத்தான் செய்கிறது. இளவயதுக் கதை, சரி, மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? இதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ரோபோட்டா என்ற பழைய பொருளுக்குத் தமிழில் சொல் தயாராகவே இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் ஊரார் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. 'அமஞ்சி' என்றும் ஒரு சொல் உண்டு. வெட்டி வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்தது என்பார்கள். கூலி கிடைக்காத வேலை என்பது நாளடைவில் பயனில்லாத வேலை என்று தேய்ந்து, இன்று 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலையே இல்லாதவன் என்றாகிவிட்டது. முதுகொடிய உழைத்தவனைக் குறித்த சொல் சும்மா இருப்பவனுக்குப் போய்ச் சேர்ந்த கதை.

இன்றைய ரோபோவுக்கு 'தானியங்கி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தானாகத் திறக்கும் கதவும் தானியங்கிதான். 'இயந்திர மனிதன்' புழக்கத்தில் உள்ளது, ஆனால் லாரியாக மாறி ஓடுகிற ஒன்றை மனிதன் என்பதா? 'எந்திரன்' இவற்றைவிட மேல். எந்திரம் வடமொழி வழி வந்த சொல்தான் என்றாலும் சங்க காலத்திலேயே தமிழில் குடியேறிவிட்டது. கரும்பு ஆலை களிற்றுக்கு எதிராகப் பிளிறுவதை ஐங்குறுநூறு 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று பாடுகிறது.

தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்களுக்குப் 'பொறி' இருக்கிறது. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறித் தப்பும் மயிற்பொறி வலப்புறம் திருகினால் எழும்பும், இடப்புறம் திருகினால் இறங்கும். உருமாறும் எந்திரங்களின் ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்! ஆனால் பொறிக்குக் கண் காது முதலிய புலன், நெருப்புத் துளி, எலிப்பொறி என்று ஏற்கெனவே சுமை அதிகம். டிரான்ஸ்ஃபார்மரை 'உருமாறி' என்று தாராளமாகச் சொல்லலாம். 'மின்மாற்றி' என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

ரோபாட், ரோபோட், ரோபோ மூன்றில் ரோபோவே தமிழுக்கு இசைவு. வல்லின மெய்யில் சொல் முடிவது நமக்கு வழக்கமில்லை.

எழுதும்போது உண்மையில் இடிப்பது திணைதான். 'ரோபோ வந்தது' என்று கை தானாக எழுதுகிறது, 'ஆப்டிமஸ் வந்தார்' என்றும் எழுதுகிறது. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்கிறது தொல்காப்பியம். மக்களென்று கருதப்படும் பொருளே உயர்திணை என்று உரைகாரர்கள் விரிப்பதால் கதைமாந்தருக்கு உயர்திணை முடிபு கொடுக்கத் தடையில்லை. பொதுப்பெயராக வரும்போது 'ரோபோக்கள் உழைக்கின்றன', பெயர் சொல்லும்போது 'மெகட்ரான் எழுந்தான்', படத்தில் வரும் பெண் ரோபோவுக்கு 'எலிட்டா வந்தாள்' என்பது நான் கடைப்பிடிக்கும் முறை. எந்திரன் என்பது ஆண்பால் ஈறு கொண்டது, எலிட்டாவுக்குப் பொருந்தாது. அந்த இடத்தில் 'எந்திரர்' என்று பலர்பாலில் எழுதிவிடுகிறேன்.